பழகுவது ஸ்பீக்கரா, காதா?



இந்த மாதக் கடிதக் கட்டில் அரநாயக்கவிலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிற ஆசிரியை. கொழும்பில் வேலை செய்கிற அண்ணன் தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது ஒரு சோடி ஸ்பீக்கரும் சின்ன ஆம்ப்ளிஃபையரும் தவணைக்கு எடுத்து வந்திருக்கிறார். போட்ட அன்றே வீட்டில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. பாடுகிறவர் குரல் உள்ளே அமுங்கிக் கிடக்க, பேஸ் மட்டும் திம் திம்மென்று சுவரில் போய் முட்டியிருக்கிறது. கடைக்குப் போன் போட்டுக் கேட்டால், "புதுசு இல்லையா, இறுக்கமாத்தான் இருக்கும். நூறு மணித்தியாலம் ஓடவிடுங்க, தன்னால இளகி வந்துரும்" என்று பதில்.

ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. "பாத்தியா, எப்படி மாறிருச்சு!" என்கிறார் அண்ணன். "எனக்கு அதே சத்தம்தான் கேட்குது" என்கிறார் தங்கச்சி. அம்மாவின் கருத்து, சத்தத்தைக் குறைத்தால் போதும் என்பது. கடைசியில் தங்கச்சி நமக்கு எழுதியிருக்கிறார்: "உண்மையில மாறினது ஸ்பீக்கரா, அண்ணன் காதா? நீங்கதான் தீர்ப்புச் சொல்லணும்."

ஆசிரியர் பக்கத்தில் ஸ்பீக்கர் பஞ்சாயத்தா என்று நினைக்காதீர்கள். தைப்பொங்கலை ஒட்டிக் கடைகளில் தள்ளுபடி போர்டு தொங்குகிற நேரம் இது. ஸ்பீக்கர், ஹெட்ஃபோன், சவுண்ட்பார் என்று ஏதாவது ஒன்று நம் வீடுகளுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. "ஓட ஓட சரியாகும்" என்ற பேச்சும் கூடவே வருகிறது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சமாளிப்பு என்று தெரிந்துகொள்வது பர்சுக்கு நல்லது.

புது மோட்டார் சைக்கிளை எடுத்தால் ரன்னிங்-இன் விடுகிறோம். முதல் சில நூறு கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டி, எண்ணெய் மாற்றி, அப்புறம்தான் வேகம். எஞ்சினுக்குள் உலோகமும் உலோகமும் உரசிப் பொருந்த வேண்டியிருக்கிறது. ஸ்பீக்கருக்கும் அதே நியாயம்தானே என்று நமக்குத் தோன்றுகிறது. கடைக்காரர் சொன்னதும் தலையாட்டிவிட்டு வருவது அதனால்தான்.

சரி, ஸ்பீக்கருக்குள் இளகுவதற்கு என்ன இருக்கிறது?

முன்பக்கத் துணியைக் கழற்றினால் ஒரு கூம்பு தெரியும். அதன் விளிம்பைச் சுற்றி மெத்தென்று ஒரு வளையம். பின்னால், நம் கண்ணுக்குப் படாத இடத்தில், மடிப்பு மடிப்பாக இன்னொரு வட்டம். துணியைப் பிசினில் தோய்த்து அச்சில் அழுத்திச் செய்தது. இந்த இரண்டும்தான் கூம்பைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைய விடுகின்றன. பழக்கத்தில் இளகக்கூடியவை பெரும்பாலும் இவை இரண்டும்தான்.

வெளி வளையம் பல ஸ்பீக்கர்களில் இறப்பர். இறப்பரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? 1876இல் கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தாவரப் பூங்காவில் வேரூன்றிய மரம், கேகாலையிலும் இரத்தினபுரியிலும் மலைச்சரிவெல்லாம் பரவியது. விடியும் முன்னே பால் வெட்டப் போனவர்களும், ஷீட் அடித்துப் புகைக்கூடத்தில் தொங்கவிட்டவர்களும், சிரட்டையில் ஒட்டுப்பால் சுரண்டிய பிள்ளைகளும் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பீக்கரில் வருவது பெரும்பாலும் செயற்கை இறப்பர். ஆனாலும் இழுத்தால் இளகுகிற குணம் அதற்கும் உண்டு.

கரி கலந்து பதப்படுத்திய இறப்பரை முதல் தடவை இழுக்கும்போது உள்ள விறைப்பு இரண்டாம் தடவை இருக்காது. 1940களில் இங்கிலாந்தில் லியோனார்ட் மலின்ஸ் என்ற ஆய்வாளர் இதை விரிவாக ஆராய்ந்தார்; இன்றும் இதற்கு மலின்ஸ் விளைவு என்றே பெயர். கொஞ்ச நாள் சும்மா விட்டால் விறைப்பில் ஒரு பங்கு திரும்பியும் வரும். பின்பக்கத் துணி வட்டமும் அப்படித்தான். அசைய அசையப் பிசினில் நுண்ணிய வெடிப்பு விழுந்து கொஞ்சம் இளகிக் கொடுக்கும். ஆகவே, இளகும் என்று கடைக்காரர் சொன்னது பச்சைப் பொய் இல்லை.

எவ்வளவு நேரத்தில் இளகும் என்பதில்தான் கதை இருக்கிறது. பேஸ் கிட்டாரில் 50 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு சுரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூம்பு ஒரு செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வர வேண்டும். ஒரு நிமிடத்தில் 3,000 தடவை. நான்கு நிமிடப் பாட்டு முழுக்க அப்படி அசைந்தால் 12,000 தடவை. இறப்பரின் பெரிய இளக்கமோ முதல் சில இழுப்புகளிலேயே நடந்துவிடுகிறது. அதாவது முதல் பாட்டின் பல்லவி முடிவதற்குள் பெரும்பகுதி வேலை முடிந்துவிட்டது. மிச்சம் மீதி சில மணித்தியாலங்களில் அடங்கும். பல தொழிற்சாலைகளில் பெட்டிக்குள் வைப்பதற்கு முன்பே ஸ்பீக்கரைக் கீழ்ச் சுரத்திலிருந்து மேல் சுரம் வரை ஓட்டிச் சோதிக்கிறார்கள். உங்கள் கைக்கு வரும்போதே அது அசைந்து பார்த்த ஸ்பீக்கர்.

அளவு எவ்வளவு? பேஸ் ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் தானாகவே அதிர விரும்புகிற ஓர் அதிர்வெண் உண்டு. புதிதில் அது 60 ஹெர்ட்ஸ் என்றால், இளகிய பிறகு 55 அளவுக்கு இறங்கலாம். கருவி வைத்து அளந்தால் இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் ஸ்பீக்கர் வெறுமனே இருப்பதில்லை, பெட்டிக்குள் இருக்கிறது. மூடிய பெட்டியில் அடைபட்ட காற்றும் கூம்பைப் பிடித்து இழுக்கிறது. பல பெட்டிகளில் இறப்பர் வளையத்தை விட அந்தக் காற்றின் பிடிதான் பலம். வளையம் கொஞ்சம் இளகினாலும் காற்று இளகாதே. அதனால் பெட்டியோடு சேர்த்து அளந்தால் வித்தியாசம் இன்னும் சுருங்கிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த இளக்கம் தொடுவது பேஸின் அடிப்பகுதியை. மனிதக் குரலின் தெளிவு இருப்பது அதற்கு வெகு மேலே, சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை. அங்கே இந்த வளையத்தின் விறைப்புக்குப் பெரிய பங்கில்லை. முதல் நாள் குரல் அமுங்கிக் கிடந்தால், நூறு மணித்தியாலம் ஓட்டியதால் அது எழுந்து நிற்கக் காரணமில்லை.

ஆம்ப்ளிஃபையருக்கும் வயருக்கும் கூடப் பழக்கம் உண்டு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய வால்வு ரேடியோவைத் திருகிவிட்டு, அது சூடேறிச் சத்தம் வரும்வரை காத்திருந்த தாத்தாமார் நம் வீடுகளில் உண்டு. அது உண்மையான மாற்றம். சூடேற வேண்டிய வால்வு அதற்குள் இருந்தது. ஆனால் செம்புக் கம்பிக்குள் மின்சாரம் நூறு மணித்தியாலம் ஓடியதால் பாட்டு இனிக்கும் என்பதற்கு எந்த அளவுகருவியும் இதுவரை சாட்சி சொன்னதில்லை.

சத்தம் உண்மையிலேயே மாறினால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன? மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பவர்களைப் பாருங்கள். பனியில் ஈரம் ஏறிய தோல் தொய்ந்து பொத் பொத்தென்று கிடக்கும். நெருப்பைக் கூட்டி, தப்பை அதற்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார்கள். விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, பதம் வரவில்லையென்றால் மறுபடி நெருப்பு. தோல் இறுகியதும் விழுகிற அடி மேட்டு லயம் வரை கேட்கும். மாறியதா இல்லையா என்று அங்கே அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் வாக்குவாதம் வருமா? கேட்ட எல்லாருக்கும் கேட்கும்.

ஸ்பீக்கர் விஷயத்தில் இன்னும் ஒரு கேள்வி உண்டு. அதை யாரும் கடைக்காரரிடம் கேட்பதில்லை. ஓட ஓட மாறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த மாற்றம் எப்போதும் நல்ல பக்கமாகவே இருப்பது எப்படி? வளையத்துக்கும் துணிக்கும் நம் ரசனை தெரியுமா? பத்து ஸ்பீக்கரில் நாலாவது, "முதல் நாள் நன்றாக இருந்தது, நூறு மணித்தியாலத்தில் கெட்டுவிட்டது" என்று ஆக வேண்டாமா? அப்படி ஒருவரும் சொல்லக் காணோம். மாறுகிறவை எல்லாமே நமக்குப் பிடித்த திசையில் மட்டும் மாறுகின்றன என்றால், மாற்றம் நடக்கிற இடம் பெட்டிக்குள் இல்லை, நமக்குள் என்று சந்தேகப்படுவதுதான் நியாயம்.

வருடக் கணக்கில் நடக்கிற மாற்றம் ஒன்று நிச்சயமாக உண்டு. 80களில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன அக்காமார் கொண்டுவந்த கேசட் செட்டுகள் ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்துப் பல ஸ்பீக்கர்களில் வளையம் பஞ்சு மாதிரியான ஃபோம். நம் ஊர் ஈரத்தில் அது உதிர்ந்து, விரல் பட்டால் பொடியாகிவிடும். அது கெட்டுப்போவது; பழகுவது இல்லை.

காதுக்கு வருவோம். பாட்டு எது, பாடியவர் யார் என்பதை ஆயுளுக்கும் ஞாபகம் வைத்திருக்கிற நாம், ஒரு சத்தத்தின் நுணுக்கமான சாயலைச் சில செக்கன்களுக்கு மேல் பிடித்து வைத்திருக்க முடியாதவர்கள். ஆறு வாரத்துக்கு முன் இந்த ஸ்பீக்கர் எப்படிக் கேட்டது என்று மனதுக்குள் ஒலிநாடா ஏதும் சுழல்வதில்லை. "அன்றைக்குப் பிடிக்கவில்லை" என்ற நினைப்பு மட்டும் மிச்சம் இருக்கிறது. இன்றைக்குப் பிடிக்கிறது என்றால், ஸ்பீக்கர்தான் மாறியிருக்க வேண்டும் என்று மனம் கணக்கு முடித்துவிடுகிறது.

காது எவ்வளவு தாராளமானது என்பதற்கு இலங்கை வானொலியை விட நல்ல சாட்சி வேண்டுமா? எஸ்.பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று அந்தக் குரல்களை மத்திய அலையில் கேட்டே நாம் வளர்ந்தோம். நல்ல காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அந்தச் சின்ன ரேடியோக்களில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அநேகமாக ஒன்றும் வராது. நடுவில் இரைச்சல் வேறு. யாராவது குறை சொன்னோமா? காதும் மனமும் சேர்ந்து மிச்சத்தை நிரப்பிக்கொண்டன. குரல் வீட்டுக்குள் நின்று பேசுவதாகவே எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்காவில் எடிசன் கம்பெனி இதை வைத்து வியாபாரமே செய்தது. 1915 முதல் ஊர் ஊராக மேடை போட்டு, பாடகரையும் ஃபோனோகிராஃப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். பாடகர் பாட, நடுவில் நிறுத்த, பெட்டி தொடரும். விளக்கை அணைத்துவிட்டு, இப்போது பாடுவது ஆளா பெட்டியா என்று கேட்பார்கள். பிரித்தறிய முடியவில்லை என்று ஜனங்கள் வியந்தார்கள். அந்த இசைத்தட்டுகளை இன்றைக்குக் கேட்டால் நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்படிப் பாடியவர்களில் ஒருவர் ஆன்னா கேஸ். பெட்டியின் சத்தத்துக்கு ஏற்றமாதிரிக் குரலை அடக்கிப் பாடியதை அவரே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார். பெட்டி மனுசியைப் போலப் பாடவில்லை, மனுசி பெட்டியைப் போலப் பாடினார். மிச்சத்தை, நம்பக் காத்திருந்த காதுகள் பார்த்துக்கொண்டன.

ஒலியே தொழிலாக உள்ளவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 1994இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹார்மன் என்ற பெரிய ஸ்பீக்கர் கம்பெனியின் ஊழியர்கள் 40 பேர், நான்கு வகை ஸ்பீக்கர்களை முதலில் கண்ணால் பார்த்துக்கொண்டும், அப்புறம் திரைக்குப் பின்னால் வைத்தும் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. சின்ன மலிவுப் பெட்டிக்கு இறங்கியது. திரை விழுந்ததும் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பார்த்துக்கொண்டே கேட்கிற நமக்கு மட்டும் விதிவிலக்கு உண்டா?

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதாமாதம் தவணை கட்டுகிற அண்ணனுக்கு அந்தப் பாட்டு இனித்தால் அந்த இனிப்பு உண்மைதான். ஸ்பீக்கர் மாறியது என்கிற முடிவில்தான் நமக்குக் கேள்வி.

ஆனால் அரநாயக்கக் கடிதத்தை இரண்டாம் தடவை வாசித்தபோது நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது. "கார்த்திகை மழைக்கு மூலையில கூரை ஒழுகிச்சு, அதனால ஸ்பீக்கர எதிர்ப் பக்கம் மேசைக்கு மாத்திட்டோம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார். வழக்கின் முக்கியமான சாட்சி அதுதான்!

பழைய லயத்துக் காம்பிரா 12 அடிக்கு 10 அடி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் சத்தம் மோதித் திரும்பும்போது, அறையே சில அதிர்வெண்களைத் தூக்கிப் பிடிக்கிறது. 12 அடி நீளத்துக்கு அது சுமார் 47 ஹெர்ட்ஸ்; 10 அடி அகலத்துக்குச் சுமார் 56 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரும் டிரம்மும் விளையாடுகிற இடம் அதே இடம். பெட்டியை மூலையில் வைத்தால் இந்த அதிர்வுகள் இரண்டும் முழு மூச்சில் கிளம்பும். திம் திம்மென்று சுவரில் முட்டியதும், அதன் அடியில் குரல் அமுங்கியதும் அதனால்தான் இருக்க வேண்டும். மூலையை விட்டு நகர்த்தி, மேசைமேல், உட்காருகிறவர் காது மட்டத்துக்கு ஏற்றியதும் பேஸ் அடங்கியது, குரல் மேலே வந்தது.

ஆக, மாறியது என்று அண்ணன் சொன்னது சரி. தங்கச்சி பெரும்பாலும் பக்கத்துக் குசினியில் நின்று கேட்கிறவராம். கதவுக்கு அந்தப் பக்கம் அவ்வளவு வித்தியாசம் தெரிந்திராது. அவர் சொன்னதிலும் பிழையில்லை. இந்த வீட்டில் நூறு மணித்தியாலத்தை விட அதிக வேலை செய்தது கூரை ஓட்டைதான்!

இப்போது பணத்துக்கு வருவோம். ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் பாட்டுக் கேட்கிற வீட்டில் நூறு மணித்தியாலம் சேர 50 நாள் ஆகும். தோட்டத்தில் வேலைக்குப் போகிற வீட்டில் அந்த இரண்டு மணித்தியாலமும் தினமும் கிடைக்குமா? இரண்டு மாதம் என்று வையுங்கள். மாற்றித் தருகிற கடைகளில் கூட அதற்குக் கொடுப்பது ஏழு நாள், பதினாலு நாள். நீங்கள் இளகட்டும் என்று காத்திருக்கும்போதே திருப்பிக் கொடுக்கிற நாள் போய்விடும். அதற்குள் காதும் பழகிவிடும், குறை சொல்லவும் வாய் வராது. "ஓடவிடுங்க" என்று சொல்கிற எல்லாரும் இதை நினைத்துத்தான் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சில கம்பெனிகள் கையேட்டிலேயே இப்படி அச்சடித்து விடுகின்றன, விற்கிறவரும் அதை நம்பியே சொல்லலாம். ஆனால் நட்டம் யாருக்கு என்று பாருங்கள்.

அதனால் வாங்குகிற அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கடையில் ஓடுகிற அதிரடிப் பாட்டைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள். உங்கள் போனில் நீங்கள் நூறு தடவை கேட்ட பாட்டு ஒன்றையும், ஒரு செய்தி வாசிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். குரல்தான் நல்ல உரைகல். பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாக் காதுக்கும் தெரியும். எங்கள் மலைப் பக்கத்துக்கு இது வெறும் ரசனை விஷயமும் இல்லை. 2016 மே 17 அன்று சாமசர மலை சரிந்து அரநாயக்கவில் கிராமங்களை மூடிய பிறகு, அடைமழை என்றால் மண்சரிவு எச்சரிக்கைக்கு ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிற குடும்பங்கள் எத்தனையோ. தகரக் கூரையில் மழை கொட்டும்போதும் அறிவிப்பாளர் சொல்கிற ஊர்ப்பெயர் விளங்க வேண்டும். அது முதல் நாள் விளங்காவிட்டால் அறுபதாம் நாள் விளங்கப் போவதில்லை.

பிடிக்கவில்லையா? முதலில் வீட்டில் இடத்தை மாற்றிப் பாருங்கள். அதுவும் சரிவரவில்லையென்றால் பற்றுச்சீட்டோடு அந்த வாரமே கடைக்குப் போங்கள். "ஓடவிடுங்க" என்றால், "சரி, ஓடவிடுகிறேன், திருப்பித் தருகிற நாளையும் அதுவரைக்கும் நீட்டி இந்தச் சீட்டில் எழுதித் தாருங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவருக்கே நம்பிக்கை இருந்தால் எழுதித் தரட்டுமே. பழுதான சாமானைக் கொடுத்துவிட்டுக் கையை விரித்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 1977 என்ற எண்ணுக்கு அழைத்து முறையிடலாம்.

பிள்ளைகளின் ஹெட்ஃபோன் பற்றியும் ஒரு வார்த்தை. "பழக்குவதற்காக" முழுச் சத்தத்தில் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். சிறுவர்களுக்கு 75 டெசிபல். ஹெட்ஃபோனுக்குப் பதில் இன்னொன்று வாங்கலாம். காதுக்கு?

இவ்வளவு சொன்ன பிறகும் நம்ப மாட்டேன் என்கிறவர்களுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை. ஒரே மாதிரி ஸ்பீக்கர் பக்கத்து வீட்டிலும் புதிதாக வந்திருந்தால் வசதி. ஓடிப் பழகியது ஒன்று, பெட்டி பிரித்த புதிது ஒன்று. இரண்டுக்கும் ஒரே இடம், ஒரே அளவு சத்தம். இது முக்கியம்; கொஞ்சம் கூடச் சத்தமாக இருப்பதை, "தெளிவாக இருக்கிறது" என்றே காது சொல்லும். நீங்கள் திரும்பி உட்கார்ந்துகொள்ளுங்கள். எதைப் போடுவது என்று வீட்டுச் சின்னப் பிள்ளை காசு சுண்டித் தீர்மானிக்கட்டும். பத்துத் தடவை கேட்டு, பழசா புதுசா என்று சொல்லுங்கள். பத்துக்கு ஐந்து சரியென்றால் அது காசு சொன்ன பதில். ஒன்பது பத்து என்று வந்தால் எனக்கு எழுதுங்கள், மகிழ்ச்சியாகப் போடுகிறேன்.

பொறுமை வேண்டாம் என்று நான் எல்லாவற்றுக்கும் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொறுமை கட்டாயம் வேண்டிய ஒரு கருவி நம் வீடுகளில் அலுமாரிக்குள் கிடக்கிறது. தாத்தாவின் காது மிஷின்.

தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் இரைச்சலுக்கு நடுவில் முப்பது வருடம் நின்றவர்களுக்கும், வயது போனவர்களுக்கும் முதலில் போவது மேல் சுரங்கள். கூப்பிடுவது கேட்கும், சொல்வது விளங்காது. மிஷினைப் போட்ட முதல் நாள், கோப்பை பீரிசு வைக்கிற சத்தம் இடி மாதிரி விழும். குழாய்த் தண்ணி இரையும். தன் குரலே அந்நியமாக இருக்கும். "இந்த எழவு வேண்டாம்" என்று கழற்றி வைத்துவிடுவார். நாமும் விட்டுவிடுகிறோம்.

அங்கேதான் "போடப் போடச் சரியாகும்" என்பது உண்மை. மிஷின் தன்னால் மாறாது. வருடக் கணக்காகச் சில சத்தங்களைக் கேட்காமலே இருந்த மூளை, எதைக் கவனிப்பது, எதை ஒதுக்குவது என்று மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் ஆகும். காதுக்குள் கொக்ளியர் இம்ப்ளான்ட் வைத்த பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு இன்னும் நீளம். தாத்தாவுக்கு வீட்டுக்குள் அமைதியான நேரத்தில் ஒரு மணித்தியாலம், அடுத்த வாரம் இரண்டு என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூசினால், இரைந்தால், கொடுத்த இடத்துக்கே திரும்பக் கொண்டுபோய் அளவைத் திருத்தச் சொல்ல வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? கடையில் வாங்கிய ஸ்பீக்கருக்கு நூறு மணித்தியாலம் கொடுக்கிறோம்; தாத்தாவுக்கு நூறு நிமிடம் கூடக் கொடுப்பதில்லை. பெரிதாக மாறாத சாமானுக்குக் காத்திருந்து, மாறக்கூடிய மனுசரைக் கைவிடுகிறோம். இந்தப் பொங்கலுக்கு அதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போமா? சாமான் முதல் வாரத்திலேயே தன்னை நிரூபிக்கட்டும். ஆட்களுக்கு அவசரப்படாமல் காலம் கொடுப்போம்.

உங்கள் வீட்டுச் சோதனையின் முடிவையும், காது மிஷினோடு பழகிய பெரியவர்களின் அனுபவத்தையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் இடம் ஒதுக்கி வைக்கிறேன்.

எல்லார் வீட்டிலும் பால் பொங்கட்டும். தைப்பொங்கல் வாழ்த்துகள்!

அன்புடன்,
ஆசிரியர்